முதல் பவர்லிஃப்டிங் போட்டிக்கு ரெடியாகறது எப்படி? புதுசா வர்றவங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜிம்ல ஒரு வருஷமா ஒழுங்கா ஸ்குவாட் போடற யாரையாவது பிடிச்சு "போட்டிக்கு வரலாமே"ன்னு கேட்டுப் பாருங்க, பத்துல எட்டு பேரு "இன்னும் கொஞ்சம் வெயிட் ஏறட்டும், அப்புறம் பாக்கலாம்"னுதான் சொல்லுவாங்க. அந்த அப்புறம் வரவே வராது. இத்தனை கிலோ தூக்கினாத்தான் லோக்கல் போட்டில சேர்த்துப்பாங்கன்னு பெரும்பாலும் எங்கயும் கிடையாது. முதல் போட்டில சொதப்பறவங்களை நான் நிறைய பாத்திருக்கேன், அவங்கள்ல பலம் பத்தாம சொதப்பினவங்க ரொம்ப கம்மி, ரூல் தெரியாம, ரெஃப்ரி சொல்ற கமாண்டுக்கு காத்திருக்காம, முதல் அட்டெம்ப்டையே பெருசா போட்டு சொதப்பினவங்கதான் அதிகம். இது மூணையும் ட்ரெயினிங்லயே சரி பண்ணிடலாம், அதுக்காகத்தான் இதை எழுதறேன்.

மொதல்ல ஆட்டம் என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன். ஸ்குவாட் (பாரை தோள்ல வெச்சு உக்காந்து எழறது), பெஞ்ச் பிரஸ் (படுத்துக்கிட்டு பாரை நெஞ்சுல இருந்து மேல தள்றது), டெட்லிஃப்ட் (தரையில இருக்கிற பாரை தூக்கி நிமிர்ந்து நிக்கறது), இதே வரிசைல மூணு லிஃப்ட். ஒவ்வொண்ணுக்கும் மூணு அட்டெம்ப்ட், மொத்தம் ஒம்போது. ஒவ்வொரு லிஃப்ட்லயும் சரியா தூக்கினதுல எது பெருசோ அதை எடுத்து மூணையும் கூட்டினா அதுதான் உங்க டோட்டல். ஏதாவது ஒரு லிஃப்ட்ல மூணு அட்டெம்ப்டும் போச்சுன்னா டோட்டலே கிடையாது, இதை "பாம்ப் அவுட்"னு சொல்லுவாங்க. ரெண்டு பேருக்கு டோட்டல் ஒண்ணா வந்துச்சுன்னா உடம்பு எடை கம்மியா இருக்கிறவருக்குத்தான் முன்னுரிமை. தூக்கறது சரியா தப்பான்னு மூணு ரெஃப்ரி பாப்பாங்க, ரெண்டு வெள்ளை லைட் எரிஞ்சா போதும், லிஃப்ட் செல்லும்.

படி 1: எந்த ஃபெடரேஷன்னு முடிவு பண்ணி ரூல்புக்கை படிங்க

பவர்லிஃப்டிங்ல ஒரே ஒரு அமைப்பு கிடையாது. 1972ல ஆரம்பிச்ச ஐபிஎஃப் (இன்டர்நேஷனல் பவர்லிஃப்டிங் ஃபெடரேஷன்) இருக்கு, அதோட சேர்ந்த தேசிய அமைப்புகள் இருக்கு, இதுக்கு வெளியயும் நிறைய ஃபெடரேஷன் இருக்கு. எடைப் பிரிவு, எடை பாக்கற நேரம், பெஞ்ச்ல தலை தூக்கலாமா கூடாதா, ஊக்கமருந்து டெஸ்ட் உண்டா இல்லையா எல்லாமே ஃபெடரேஷனுக்கு ஃபெடரேஷன் மாறும். அதனால எந்த போட்டிக்கு போறீங்களோ அந்த அமைப்போட ரூல்புக்கை இறக்கி, லிஃப்ட் பத்தின பகுதியையும் உடை பத்தின பகுதியையும் ரெண்டு தடவை படிங்க. நான் கீழ சொல்றது பெரும்பாலும் ஐபிஎஃப் முறைப்படி, ஏன்னா அதுல பழகிட்டா வேற எங்க போனாலும் கஷ்டப்பட மாட்டீங்க.

இன்னொண்ணு, ரா, எக்விப்டுன்னு ரெண்டு வகை இருக்கு. ராவை ஐபிஎஃப்ல கிளாசிக்னு சொல்லுவாங்க, பெல்ட், நீ ஸ்லீவ் (முட்டி உறை), ரிஸ்ட் ராப் (மணிக்கட்டுல சுத்தற பட்டை) அவ்வளவுதான். எக்விப்டுல இறுக்கமான சூட்டும் பெஞ்ச் ஷர்ட்டும் போட்டு தூக்கணும், அது தனி வித்தை. புதுசா வர்றவங்க ரால ஆரம்பிங்க, யோசிக்கவே வேண்டாம்.

பதிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு போட்டியை முழுசா உக்காந்து பாத்துடுங்க, முடிஞ்சா வார்ம்-அப் ரூம் பக்கமும். அங்க என்ன குழப்பம் நடக்குது, யாரு எப்ப எந்த வெயிட் போடறாங்க, எவ்வளவு நேரம் சும்மா உக்காந்திருக்காங்கன்னு ஒரு நாள் பாத்தா பத்து கட்டுரை படிக்கறதை விட அதிகமா புரியும்.

படி 2: இப்ப என்ன எடையோ அதே எடைல போங்க

ஐபிஎஃப்ல எடை பாக்கறது போட்டி ஆரம்பிக்கறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடிதான் தொடங்கும். சில அமைப்புகள்ல முந்தின நாளே பாத்துடுவாங்க. ரெண்டு மணி நேரத்துல, காஞ்சு போன உடம்பைத் திரும்ப பழைய நிலைக்கு கொண்டு வர முடியாது. முதல் போட்டிக்கு தண்ணி குடிக்காம, சாப்பிடாம எடை இறக்கறது சுத்த வீண், ஸ்குவாட்ல தலை சுத்தும், டெட்லிஃப்ட் வரும்போது பேட்டரி தீந்திருக்கும். உங்க எடை எந்த பிரிவுல விழுதோ அதுலயே போங்க, பிரிவை பத்தின கவலையெல்லாம் மூணாவது நாலாவது போட்டிக்கு வெச்சுக்கலாம்.

படி 3: மூணு லிஃப்டையும் போட்டி ரூல்படி பழகுங்க

இதுல கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன், ஏன்னா எல்லாமே இங்கதான் இருக்கு.

ஸ்குவாட்ல பாரை எடுத்து பின்னாடி வந்து முட்டியை முழுசா நீட்டி லாக் பண்ணி அசையாம நிக்கணும், தலைமை ரெஃப்ரி கையை இறக்கி "ஸ்குவாட்"னு சொன்னதுக்கு அப்புறம்தான் இறங்கணும். எவ்வளவு இறங்கணும்னா, இடுப்பு மடிப்புல தொடையோட மேல்பக்கம் முட்டியோட உச்சியை விட கீழ போகணும். சமமா இருந்தா பத்தாது, கீழ. மேல வந்து திரும்ப முட்டி லாக் பண்ணி நின்னதும் "ரேக்"னு சொல்லுவாங்க, அதுக்கு அப்புறம்தான் ஸ்டாண்டுக்கு நடக்கணும். டெப்த் விஷயத்துல கண்ணாடியை நம்பாதீங்க. நான் ரொம்ப நாள் கண்ணாடியைப் பாத்துக்கிட்டே ஸ்குவாட் போட்டு நல்லா ஆழமா போறேன்னு நம்பிட்டு இருந்தேன், ஒரு நாள் ஃபோனை முட்டி உயரத்துல, நேர் பக்கவாட்டுல வெச்சு வீடியோ எடுத்து பாத்தா ரெண்டு விரக்கடை மேலயே நிக்குது. அன்னைக்கு வெயிட்டை குறைச்சு முதல்லேர்ந்து ஆரம்பிச்சேன். ஃபோனை மேல இருந்து எடுத்தா ஆழம் கம்மியா தெரியும், தரையில வெச்சு எடுத்தா ஆழமா தெரியும், அதனால முட்டி உயரம்தான் சரி.

பெஞ்ச்தான் புதுசா வர்றவங்களை அதிகமா காலி பண்றது. ஜிம்ல எல்லாரும் நெஞ்சுல தொட்டு உடனே தூக்குவாங்க, போட்டில அது செல்லாது. கையை லாக் பண்ணி பாரை அசையாம பிடிச்சா "ஸ்டார்ட்", இறக்கி நெஞ்சுல வெச்சு பார் முழுசா நின்னா "பிரஸ்", மேல லாக் பண்ணினா "ரேக்", ஆக மூணு கமாண்ட். தலை, தோள், புட்டம் மூணும் பெஞ்ச்ல ஒட்டியிருக்கணும், பாதம் தரையில படிஞ்சிருக்கணும். பாரை பிடிக்கும்போது ரெண்டு ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல அதிகபட்சம் 81 செமீ, பார்லயே அதுக்கு கோடு இருக்கும். 2023ல இருந்து ஐபிஎஃப் இன்னொரு ரூலும் கொண்டு வந்தாங்க, பார் நெஞ்சுல இருக்கும்போது முழங்கை மூட்டோட அடிப்பக்கம் தோள்மூட்டோட மேல்பக்கத்துக்கு சமமாவோ அதுக்கு கீழயோ வரணும். ரொம்ப அகலமா பிடிச்சு ரொம்ப வளைஞ்சு படுக்கறவங்க இதை வீடியோ வெச்சு செக் பண்ணிக்கோங்க.

என் முதல் போட்டில பெஞ்ச் ரெண்டாவது அட்டெம்ப்ட், வெயிட் லேசா போச்சு, லாக் பண்ணேன், மனசுல "முடிஞ்சுது"ன்னு தோணின அதே நொடி பாரை ரேக்ல வெச்சுட்டேன். இரும்பு மோதின சத்தத்துக்கு அப்புறம்தான் ரெஃப்ரி இன்னும் வாயே திறக்கலன்னு புரிஞ்சுது. மூணு சிவப்பு லைட். தூக்கின வெயிட் போச்சேன்னு கண்ணு கலங்கிடுச்சு. மூணாவதுக்கு வெயிட்டை ஏத்தாம அதே வெயிட்டை கேட்டேன், லாக் பண்ணி, "ரேக்"ங்கற சத்தம் காதுல விழற வரைக்கும் கூரையையே பாத்துட்டு இருந்தேன், ஒரு வினாடிதான் இருக்கும், ஆனா ரொம்ப நீளமா இருந்துச்சு. அன்னைல இருந்து ட்ரெயினிங்ல பெரிய செட்டுக்கெல்லாம் யாரையாவது கமாண்ட் சொல்ல சொல்லிடறேன். கூட ஆளில்லன்னா மனசுக்குள்ளயாவது சொல்லிக்கோங்க, நெஞ்சுல பாரை வெச்சு ஒரு முழு வினாடி, மேல லாக் பண்ணி ஒரு முழு வினாடி. இப்படி நெஞ்சுல நிறுத்தி பண்ணும்போது ஜிம்ல தொட்டு தூக்கற வெயிட்டை விட கொஞ்சம் கம்மியாத்தான் வரும், அந்த கம்மியான நம்பர்தான் உங்க நிஜமான பெஞ்ச்.

டெட்லிஃப்ட்ல தூக்கறதுக்கு கமாண்ட் கிடையாது, நீங்களே ஆரம்பிக்கலாம். மேல வந்து முட்டி லாக், தோள் பின்னாடி, நேரா நின்னதும் "டவுன்". அப்புறம் ரெண்டு கையாலயும் பிடிச்சுட்டே இறக்கணும், மேலயே விட்டா போச்சு. பாரை தொடையில முட்டுக்கொடுத்து உதறி உதறி ஏத்தறதும், நடுவுல பார் கீழ இறங்கறதும் சிவப்பு லைட்தான். ஸ்ட்ராப் (கையை பாரோட சேத்து சுத்தற பட்டை) அனுமதி இல்ல, அதனால போட்டின்னு முடிவு பண்ணின நாள்ல இருந்து ஸ்ட்ராப்பை பைக்குள்ள போட்டுடுங்க, ஒரு கை உள்ள பாத்து ஒரு கை வெளிய பாத்து பிடிக்கறதோ கட்டைவிரலை மத்த விரலுக்கு அடியில அடக்கி பிடிக்கற ஹூக் கிரிப்போ ஏதோ ஒண்ணு, கையில சாக் பவுடர் போட்டு பழகுங்க. காலை அகலமா வெச்சு தூக்கற சூமோவா, காலை ஒடுக்கி வெச்சு தூக்கற கன்வென்ஷனலான்னு சண்டை வேண்டாம், ரெண்டும் செல்லும், எது உங்க இடுப்புக்கு ஒத்து வருதோ அது.

படி 4: ஒரு சிம்பிள் ப்ரோக்ராம், குறைஞ்சது 12 வாரம்

மூணு லிஃப்டும் ஓரளவு ஃபார்மோட வருதுன்னா 12 வாரம் தள்ளி ஒரு போட்டியை பிடிச்சு பேர் குடுத்துடுங்க. தேதி கைல இல்லாத ட்ரெயினிங் நீண்டுக்கிட்டே போகும். வாரத்துக்கு மூணு நாலு நாள் போதும், ஸ்குவாட் ரெண்டு தடவை, பெஞ்ச் ரெண்டு இல்ல மூணு தடவை, டெட்லிஃப்ட் ஒண்ணு இல்ல ரெண்டு. கூட ரோ (பாரை வயித்தை நோக்கி இழுக்கற பயிற்சி), முதுகு, வயித்துக்கு கொஞ்சம் வேலை. முதல் நாலு வாரம் ஒரு செட்டுக்கு அஞ்சு ஆறு ரெப் (தடவை), அடுத்த நாலு வாரம் மூணு நாலு ரெப், அதுக்கு அப்புறம் ஒண்ணு ரெண்டு ரெப்னு கனமா போய், கடைசி வாரம் லேசா முடிங்க. ஆரம்பத்துல ஒவ்வொரு தடவையும் 2.5 கிலோ ஏத்த முடியும், அது நின்னதும் வாரத்துக்கு ஒரு தடவைன்னு ஏத்துங்க. செட் முடிஞ்சதும் இன்னும் எத்தனை ரெப் மிச்சம் இருந்துச்சுன்னு நோட்டுல எழுதுங்க, செட் எவ்வளவு கஷ்டமா இருந்துச்சுன்னு பத்துக்கு போடற மார்க்கைத்தான் ஆர்பிஇன்னு சொல்லுவாங்க, ரெண்டு மிச்சம் இருந்தா ஆர்பிஇ 8, ஒண்ணு இருந்தா 9. பெரும்பாலான நாள் 7, 8லயே இருக்கணும். தினமும் மேக்ஸ் டெஸ்ட் பண்றவங்க போட்டி அன்னைக்கு ஏற்கனவே களைச்சுப் போய்தான் வருவாங்க.

கடைசி கனமான டெட்லிஃப்ட் போட்டிக்கு எட்டு பத்து நாள் முன்னாடியே முடிஞ்சுடட்டும், ஸ்குவாட்டும் பெஞ்சும் ஒரு வாரம் முன்னாடி வரைக்கும் போகலாம். கடைசி மூணு நாள் எதுவும் பண்ணாம இருந்தா பலம் எங்கயும் ஓடிப் போகாது. மூட்டுலயோ முதுகுலயோ குத்தற மாதிரி வலி வந்தா அதை சமாளிச்சுக்கிட்டே ஓட்டாதீங்க, டாக்டரையோ பிசியோவையோ பாருங்க, போட்டி அடுத்த மாசமும் வரும்.

படி 5: சாமான்

சிங்லெட் (மேலயும் கீழயும் ஒண்ணா சேந்து உடம்போட ஒட்டி வர்ற உடை) கட்டாயம். பெல்ட் அகலம் 10 செமீ, தடிமன் 13 மிமீ தாண்டக்கூடாது, நீ ஸ்லீவ் 7 மிமீ தடிமன் வரைக்கும், ரிஸ்ட் ராப் ஒரு மீட்டர் நீளம் வரைக்கும். ஐபிஎஃப் சார்ந்த போட்டின்னா பல இடத்துல அங்கீகாரம் பெற்ற பிராண்ட் லிஸ்ட் பாப்பாங்க, வாங்கறதுக்கு முன்னாடியே லிஸ்டை பாத்துடுங்க, வாங்கிட்டு போய் செக்கிங்ல தட்டிட்டாங்கன்னா பாவம். டெட்லிஃப்டுக்கு முழங்காலுக்கு கீழ வரைக்கும் வர்ற நீளமான சாக்ஸ் வேணும், காலோட முன்பக்கம் பார்ல உரசி ரத்தம் வரும்ங்கறதாலதான். உள்ளாடைல கூட ரூல் இருக்கு, தொடை வரைக்கும் கால் நீண்டு வர்ற டைட் பாக்ஸர் மாதிரி போடக்கூடாது, சாதா பிரீஃப்தான். நிறைய பேரு இங்கதான் மாட்டுவாங்க. ஷூவுக்கு தட்டையான அடிப்பாகம் போதும், மெத்து மெத்துன்னு இருக்கிற ரன்னிங் ஷூ மட்டும் வேண்டாம்.

சப்ளிமெண்ட் பத்தி ஒரு வார்த்தை. டெஸ்ட் பண்ற ஃபெடரேஷன்ல ஒரு மாத்திரையோ பவுடரோ உங்க உடம்புல போனா அதுக்கு பொறுப்பு முழுக்க நீங்கதான், "தெரியாம சாப்பிட்டேன்"னு சொன்னா அதோட விட்டுடமாட்டாங்க. டாக்டர் எழுதிக் குடுத்த மருந்தா இருந்தாலும் தடை பட்டியல்ல இருக்கான்னு முன்னாடியே பாருங்க.

படி 6: அட்டெம்ப்ட் கணக்கை முன்னாடியே எழுதி வைங்க

முதல் அட்டெம்ப்டை ஓப்பனர்னு சொல்லுவோம். உடம்பு சரியில்லாத ஒரு நாள்ல, தூக்கமில்லாம வந்தாலும் மூணு ரெப் அடிக்கற வெயிட் எதுவோ அதுதான் ஓப்பனர். ஏன் இவ்வளவு கம்மின்னா, வெயிட்டை ஒரு தடவை சொல்லிட்டா அந்த லிஃப்ட்ல அதுக்கு கீழ இறங்கவே முடியாது, போனா அதே வெயிட் இல்ல அதுக்கு மேலதான். ஓப்பனர் அதிகமா போட்டு விட்டவங்க மிச்ச ரெண்டையும் அதே வெயிட்டோட மல்லுக்கட்டியே தீத்துடுவாங்க.

டெட்லிஃப்ட்ல 150 கிலோ ஆசைன்னு வெச்சுப்போம். ஓப்பனர் 135, ரெண்டாவது 145, மூணாவது ரெண்டாவது எப்படி போச்சோ அதைப் பாத்து 150 இல்ல 152.5. எல்லாமே 2.5 கிலோ கணக்குலதான் ஏறும். பெஞ்ச்ல தாவல் இன்னும் சின்னதா இருக்கட்டும், அதுல கடைசி 2.5 கிலோவே மலை மாதிரி இருக்கும். முதல் போட்டில நான் சொல்ற இலக்கு ஒண்ணே ஒண்ணுதான், ஒம்போதுல குறைஞ்சது எட்டு லிஃப்டாவது செல்லணும். பெரிய டோட்டல் அதுக்கு பின்னாடியே வரும்.

பார்ல வெயிட் கணக்கும் பழகிக்கோங்க. பார் 20 கிலோ, பிளேட் நழுவாம பிடிக்கற போட்டி காலர் ஒண்ணு 2.5 கிலோ, ஆக வெறும் பாரும் காலருமே 25. சிவப்பு பிளேட் 25, நீலம் 20, மஞ்சள் 15. ஒரு பக்கம் ஒரு சிவப்புன்னா 75, ரெண்டு சிவப்புன்னா 125, மூணுன்னா 175. ஜிம்ல 100 கிலோவுக்கு ஒரு பக்கம் 40 போடுவீங்க, போட்டில 37.5தான் இருக்கும். இது தெரியாம வார்ம்-அப் ரூம்ல தப்பா ஏத்தி குழம்பினவங்களை பாத்திருக்கேன்.

படி 7: போட்டி நாள்

அடையாள அட்டை, சாமான், தண்ணி, வயித்துக்கு பழகின சாப்பாடு, ரெண்டாவது டி-ஷர்ட், இதெல்லாம் முந்தின நாளே பைல. புது சாப்பாடு, புது எனர்ஜி ட்ரிங்க் எதையும் அன்னைக்கு சோதிச்சு பாக்க வேண்டாம். போனதும் ரேக் உயரம் குறிச்சுக் குடுக்கணும், ஸ்குவாட்டுக்கு ஒண்ணு, பெஞ்சுக்கு ஒண்ணு, அந்த ஸ்டாண்ட்லயே போய் வெறும் பாரை வெச்சு பாத்துட்டு நம்பரை எழுதுங்க. ஒரு துளை உயரமா குடுத்துட்டா நுனிக்கால்ல நின்னு பாரை எடுக்கணும், அது பெரிய ஆபத்து. எடை பாக்கும்போதே மூணு லிஃப்டோட ஓப்பனரையும் கேப்பாங்க. அதை அப்புறம் ஒரு தடவை மாத்தலாம், ஆனா அந்த ரவுண்ட் ஆரம்பிக்கறதுக்கு சில நிமிஷம் முன்னாடியே சொல்லிடணும்.

கூட ஒருத்தரை கூட்டிட்டுப் போங்க, இது நான் கெஞ்சி கேட்டுக்கறது. கோச்சா இருக்கணும்னு அவசியமில்ல, கணக்கு தெரிஞ்சு பதட்டப்படாத ஒரு ஆள் போதும். ஏன்னா ஒரு அட்டெம்ப்ட் முடிஞ்சதும் அடுத்த வெயிட்டை ஒரு நிமிஷத்துக்குள்ள டேபிள்ல சொல்லியாகணும். சொல்லலன்னா, தூக்கியிருந்தீங்கன்னா தானா 2.5 கிலோ ஏத்திடுவாங்க, விட்டிருந்தீங்கன்னா அதே வெயிட். மூச்சு வாங்கிட்டு பெல்ட்டை கழட்டற நேரத்துல நீங்களே ஓடிப்போய் இதை யோசிக்கறது கஷ்டம்.

வார்ம்-அப்போட நேரத்தை இப்படி கணக்கு போடுங்க. ஒரு குரூப்ல 12 பேருன்னா ஒரு ரவுண்டுக்கு சுமார் 12 நிமிஷம், ஒவ்வொரு ரவுண்ட்லயும் கம்மி வெயிட் கேட்டவங்க முதல்ல. உங்க பேரு எத்தனாவதுன்னு ஸ்கிரீன்ல பாத்துட்டு பின்னாடி இருந்து எண்ணுங்க. ஓப்பனர் ஸ்குவாட் 110ன்னா வெறும் பார் ரெண்டு செட், 50 அஞ்சு ரெப், 70 மூணு, 85 ரெண்டு, 95 ஒண்ணு, 102.5 ஒண்ணு. அந்த கடைசி செட் நீங்க மேடை ஏற அஞ்சாறு நிமிஷம் முன்னாடி முடிஞ்சிருக்கணும். சீக்கிரம் முடிச்சா உடம்பு ஆறிடும், லேட்டானா மூச்சு வாங்கிட்டே போய் நிப்பீங்க.

உங்க பேரை கூப்பிட்டு பார் ரெடின்னு சொன்னதும் ஒரு நிமிஷ கடிகாரம் ஓடும். அந்த ஒரு நிமிஷத்துக்குள்ள லிஃப்டை ஆரம்பிச்சா போதும், அதனால ஓட வேண்டாம். சாக் போடுங்க, பெல்ட்டை இறுக்குங்க, நடந்து போங்க. மேடைல எதிர்ல கண்ணாடி இருக்காது, வெளிச்சமும் ஜனமும்தான், முதல் தடவை அது உடம்பை சட்டுனு சில்லுனு ஆக்கும். தலைமை ரெஃப்ரியோட கையை மட்டும் பாருங்க. பின்னாடியும் பக்கத்துலயும் பிடிக்க ஆள் நிப்பாங்க, வெயிட் விட்டுப் போச்சுன்னாலும் அவங்க எடுத்துக்குவாங்க, பாரை மட்டும் கையில இருந்து உதறிடாதீங்க.

ஸ்குவாட்டுக்கும் பெஞ்சுக்கும் நடுவுல, பெஞ்சுக்கும் டெட்லிஃப்டுக்கும் நடுவுல நிறைய நேரம் கிடைக்கும். கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடுங்க, ஸ்லீவை கழட்டிட்டு உக்காருங்க, எல்லா லிஃப்டையும் போய் நின்னு கத்தி சப்போர்ட் பண்ணி தொண்டையும் காலும் தீந்து போக வேண்டாம், டெட்லிஃப்டுக்கு அப்புறம் கத்திக்கலாம்.

சிவப்பு லைட் வந்தா எதுக்குன்னு ரெஃப்ரிகிட்ட மரியாதையா கேளுங்க, சொல்லுவாங்க. ஒம்போது அட்டெம்ப்டோட வீடியோவையும் கூட வந்தவரை எடுக்க சொல்லியிருந்தீங்கன்னா அன்னைக்கு ராத்திரியே உக்காந்து ஒவ்வொண்ணுக்கும் நேரா ரெண்டு வரி எழுதி வைங்க, டெப்த் எப்படி, கமாண்டுக்கு நின்னீங்களா, இன்னும் எத்தனை கிலோ மிச்சம் இருந்த மாதிரி தோணுச்சுன்னு. நாலஞ்சு நாள் ரெஸ்ட் எடுத்துட்டு ஜிம்முக்கு திரும்பும்போது அடுத்த ப்ரோக்ராம் அந்த நோட்டுல இருந்துதான் ஆரம்பிக்கும்.